ஃப்ரிட்ஜ் சுருதி

அந்த வீட்டுச் சமையலறையில் ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முக்காலி கிடந்தது. நான்கு வருடமாக வீட்டின் இளைய மகளுக்கு இசைக் கல்லூரி அதுதான்.

முக்காலியில் உட்கார்ந்து, பேஸ் கிட்டாரின் தலையை ஃப்ரிட்ஜின் பக்கவாட்டுத் தகட்டில் முட்டுக்கொடுத்து, கம்பியைத் தட்டினால் போதும். ஃப்ரிட்ஜ் முழுக்க 'தூம்' என்று அதிரும். ஆம்ப்ளிஃபையர் தேவையில்லை. உள்ளே முட்டைகள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். தண்ணீர் பாட்டில்களுக்குக் குளிர் சுரம் வந்ததுபோல் நடுக்கம் எடுக்கும்.

"மெதுவாடி! பால் கடையாமலே வெண்ணெயாயிடும் போலிருக்கு," என்பாள் அம்மா.

பேஸ் கிட்டார் அண்ணனுடையது. கல்லூரியில் படித்தபோது ஒரு பெண்ணின் மனதைக் கவர்வதற்காகப் பழைய சாமான் கடையில் வாங்கினான். சாதாரண கிட்டார் என்று நினைத்து, இரண்டு கம்பி குறைகிறது என்று ஒரு மணி நேரம் பேரம் பேசினான். கடைக்காரர் சிரிப்பைக் காட்டிக்கொள்ளவில்லை. கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டார். அண்ணன் தனியாக இரண்டு கம்பி வாங்கிவந்து, எங்கே மாட்டுவது என்று இரண்டு நாள் தேடினான். மூன்றாம் நாள், பேஸ் கிட்டாருக்கு நான்கே கம்பிதான் என்று தெரிந்துகொண்டான். அந்தப் பெண்ணே சொல்லித்தான் தெரிந்துகொண்டான். அதோடு இரண்டு கதையும் முடிந்தது.

கிட்டார் தங்கையிடம் வந்தது. கூடவே ஒரு பயிற்சிப் புத்தகமும் வந்தது. அதில் முதல் நான்கு பக்கங்கள் இல்லை. ஐந்தாம் பக்கம் இப்படித் தொடங்கியது: 'மேற்சொன்னவாறு முதல் கம்பியைச் சுருதி சேர்த்தபின்.'

மேலே என்ன சொன்னார்கள் என்பது யாருக்கும் தெரியாது. யாரையாவது கேட்டிருக்கலாம். ஆனால் அவளுக்குப் புதிய மனிதர்களிடம் மணி என்ன என்று கேட்பதற்கே மூன்று நாள் ஒத்திகை வேண்டும். எனவே தானே ஒரு வழி கண்டுபிடித்தாள். தடித்த கம்பியை முறுக்கிக்கொண்டே போனபோது, ஓர் இடத்தில், அதன் மூன்றாவது கட்டத்தில் விரலை அமுக்கி எழுப்பிய ஒலி ஃப்ரிட்ஜின் 'ம்ம்ம்' என்ற முனகலோடு அப்படியே கலந்துவிட்டது. எங்கே கம்பி முடிகிறது, எங்கே ஃப்ரிட்ஜ் தொடங்குகிறது என்று தெரியவில்லை. உடம்பு சிலிர்த்தது. இதுதான் 'மேற்சொன்னவாறு' என்று முடிவு செய்தாள். மற்ற மூன்று கம்பிகளை முதல் கம்பியோடு சேர்ப்பது எப்படி என்று ஆறாம் பக்கத்தில் இருந்தது.

பாட்டுகள்தான் தகராறு செய்தன. போனில் எந்தப் பாட்டைப் போட்டு கூடவே வாசித்தாலும், பாட்டு கொஞ்சம் கீழே இறங்கிக் கிடந்தது. எல்லாப் பாட்டும் ஒரே அளவுக்கு இறங்கிக் கிடந்தது. போன் பழசு, பேட்டரி சோர்ந்துவிட்டது என்று அவள் நினைத்தாள். பாட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் செயலி ஒன்று அகப்பட்டது. நூறில் இருந்ததை நூற்றிரண்டுக்குத் தள்ளினாள். வேகத்தோடு சுருதியும் ஏறியது. பாட்டும் ஃப்ரிட்ஜும் கைகோத்துக்கொண்டன. அன்றிலிருந்து உலகத்தின் எல்லாப் பாட்டையும் அவள் நூற்றிரண்டில்தான் கேட்டாள். உலகத்துக்கு அது தெரியாது.

பகலில் அவள் ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளர். நோயாளியின் வாயில் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது, பஞ்சு எடுத்துக் கொடுப்பது, "கொப்பளிச்சுத் துப்புங்க" என்பது. ஒரு நாளில் அவள் பேசும் வார்த்தைகளில் பாதி அந்த இரண்டு வார்த்தைகள்தான்.

ஒரு திங்கட்கிழமை கடைவாய்ப் பல் பிடுங்க ஒருவர் வந்தார். பிடுங்கி முடித்து, வாய் நிறையப் பஞ்சோடு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், அவள் விரல் நுனிகளைப் பார்த்தார். காய்த்துப்போயிருந்தன. மருந்துச் சீட்டின் பின்புறம் எழுதி நீட்டினார்: 'கிட்டாரா?'

அவள் பேனாவை வாங்கி எழுதினாள்: 'பேஸ்.'

அவர் கண்கள் விரிந்தன. 'நான் கீபோர்டு. ஓட்டல் பேண்ட். எங்க பேஸ்காரன் கல்யாணம் பண்ணிக்கிட்டு வெளியூர் போயிட்டான். ஆள் வேணும். வாரம் ஆறு நாள், மாசச் சம்பளம். வியாழன் மூணு மணிக்கு வந்து வாசிச்சுக் காட்டுங்க.'

'சரி சார்,' என்று அவளும் எழுதினாள்.

அதற்குள் கைகழுவிவிட்டு வெளியே வந்த டாக்டர் அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அவருக்கு வாயில பஞ்சு. உனக்கு என்னம்மா கேடு? நீ வாயைத் திறந்து பேச வேண்டியதுதானே?"

இதே டாக்டர் அம்மாதான் போன வாரம் அவளைக் கூப்பிட்டு ஒரு செய்தி சொல்லியிருந்தார். இரண்டாவது மருத்துவமனை திறக்கப் போகிறார். அடுத்த திங்கள் முதல் அதை இவள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை. பதிலை இந்தச் சனிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். வீட்டில் அம்மாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அவளுக்கு மட்டும், ஒன்பது முதல் ஒன்பது என்றால் முக்காலியில் உட்காருவது எப்போது என்ற ஒரே கணக்குதான். எப்படிப் போட்டாலும் விடை பூஜ்யம் வந்தது. இப்போது ஒரு பல் பிடுங்கியதில் வேறொரு வாசல் திறந்திருந்தது. அதில் நுழைய வேண்டும், அல்லது குழாயைப் பிடித்துக்கொண்டே காலம் ஓட வேண்டும்.

வியாழக்கிழமை ஃப்ரிட்ஜோடு ஒன்றுக்கு இரண்டு முறை சுருதி சேர்த்துக்கொண்டு கிளம்பினாள்.

ஓட்டலின் விழா மண்டபம் காலியாக இருந்தது. மேடையில் நான்கு பேர்: கீபோர்டுக்காரர், கிட்டார்காரர், டிரம்ஸ்காரர், பாடகி. கீபோர்டுக்காரருக்குக் கன்னம் இன்னும் வீங்கியிருந்தாலும் பேச்சு வந்துவிட்டது. "வாங்கம்மா. தெரிஞ்ச பாட்டுதான். ஒண்ணு, ரெண்டு, மூணு..."

எட்டாவது நொடியில் பாடகி பாட்டை நிறுத்திவிட்டுக் காதைத் தேய்த்துக்கொண்டாள். கிட்டார்காரர் புளித்த எதையோ கடித்தவர்போல் ஆனார். டிரம்ஸ்காரர் மூச்சு வாங்கினார். "ஏம்மா இந்த ஓட்டம் ஓடுறீங்க? பின்னால நாய் துரத்துதா?"

"முதல்ல சுருதி சேருங்க," என்றார் கீபோர்டுக்காரர்.

"சேர்த்துட்டுத்தான் வந்தேன் சார்."

கிட்டார்காரர் ஒரு சின்னக் கருவியைக் கொண்டுவந்து கிட்டாரின் தலையில் கவ்வவிட்டார். சுருதி சரியாக இருந்தால் பச்சை விளக்கு, தப்பாக இருந்தால் சிவப்பு. முதல் கம்பி சிவப்பு. இரண்டாவது சிவப்பு. மூன்றும் நான்கும் அதேதான்.

"விசித்திரமா இருக்கே. நாலும் தப்பு. ஆனா நாலும் ஒரே அளவுக்குத் தப்பு. வேணும்னே பண்ணாக்கூட இவ்வளவு சுத்தமா தப்பு பண்ண முடியாதுங்க!"

அவரே முறுக்காணிகளைத் திருகிப் பச்சைக்குக் கொண்டுவந்தார். மறுபடி தொடங்கினார்கள். இப்போது இன்னும் மோசம். சரியான சுருதி அவள் காதுக்குள் அழுது வடிந்தது. அவளையறியாமல் இடது கை விரல்கள் ஒவ்வொரு கம்பியையும் அமுக்கி மேலே மேலே இழுத்தன, குழியில் விழுந்த பிள்ளையைத் தூக்குவதுபோல.

கீபோர்டுக்காரர் கையை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தார். "யார்கிட்டம்மா கத்துக்கிட்டீங்க?"

பொய் சொல்லலாம் என்றால் அதற்கும் ஒத்திகை வேண்டும். "ஃப்ரிட்ஜ்கிட்ட," என்றாள்.

முழுக்கதையையும் சொல்ல வைத்தார்கள். நூற்றிரண்டு வந்த இடத்தில் டிரம்ஸ்காரர் குச்சிகளைக் கீழே போட்டார். பாடகி சிரித்துச் சிரித்து மேடை விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். "கண்ணு, தப்பா எடுத்துக்காதே. எத்தனை கதவு ஃப்ரிட்ஜ்?"

"ஒரு கதவுதான் அக்கா."

அதற்கும் ஒரு சுற்றுச் சிரித்தார்கள்.

கீபோர்டுக்காரரால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டுதான் சிரிக்க முடிந்தது. சிரித்து முடித்ததும், "கை நல்ல கைம்மா. அதுல சந்தேகமில்ல," என்றார். "ஆனா நாளைக்கு இங்க ஒரு விழா. நாலு மணிக்கு வாங்க. காது சரியாயிருந்தா வேலை உங்களுக்கு. இல்லேன்னா என் இடது கையாலயே பேஸ் வாசிச்சுக்கிறேன். ஓட்டல்காரங்களுக்கு ஒரு சம்பளம் மிச்சம். அப்புறம் ஆளே எடுக்க விடமாட்டாங்க."

வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜின் முன்னால் நின்றாள். நான்கு வருடம் நம்பிய ஆள் இப்படிக் காலை வாரிவிட்டதே என்று இருந்தது. ஃப்ரிட்ஜ் ஒன்றும் தெரியாததுபோல் முனகியது.

அண்ணனுக்கு வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கெடுக்கும் வேலை. வேலை முடிந்து வந்தவன் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சட்டையைக் கூடக் கழற்றாமல் காகிதத்தில் கணக்குப் போட்டான்.

"நம்ம கரண்ட் செகண்டுக்கு அம்பது தடவை துடிக்குது. ஃப்ரிட்ஜ் அந்தக் கணக்குலதான் பாடும். அதுக்குப் பக்கத்துல இருக்கிற சங்கீத சுரம் நாப்பத்தொன்பது. அம்பதை நாப்பத்தொன்பதால வகுத்தா என்ன வருது? ஒண்ணு புள்ளி பூஜ்யம் ரெண்டு. உன் நூத்திரண்டு இதுதாண்டி! உலகம் பூரா 'ஏ' சுரத்தை நானூத்து நாப்பது துடிப்புன்னு வச்சு சுருதி சேர்க்குது. நீ மட்டும் நானூத்து நாப்பத்தொன்பதுல இருக்கே." அவன் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. "எந்த வீட்டு ஃப்ரிட்ஜும் இதே சுருதிதான். தப்பு நம்ம ஃப்ரிட்ஜ் மேல இல்லை."

"நான் சொல்லலே?" என்றாள் அம்மா. "அது நல்ல ஃப்ரிட்ஜ்."

"அம்மா, இப்ப அதுவா முக்கியம்?"

"முக்கியம்தான். பதினாறு வருஷமா ஒரு ரிப்பேர் இல்லை." அம்மா யோசித்தாள். இரண்டாவது மருத்துவமனை வேலையைப் பற்றித் தெருவில் பாதிப் பேரிடம் சொல்லிவைத்திருந்தாள். ஆனாலும் மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்துபோய் ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினாள். முனகல் ஒரு விக்கலோடு நின்றது. வீடு திடீரென்று பெரிதானதுபோல் இருந்தது.

"உனக்கு ஒரு முடிவு தெரியற வரைக்கும் இது வாயைத் திறக்காது. நீ காதைச் சரி பண்ணிக்கோ. பாலைப் பக்கத்து வீட்டுல வச்சுட்டு வர்றேன். முட்டையெல்லாம் அண்ணன் தின்னு தீர்ப்பான்."

"பதினொண்ணு இருக்கும்மா," என்றான் அண்ணன்.

"மீட்டர் பாக்க நடக்கிறே இல்லே, செரிக்கும்."

அவள் செயலியை நூறுக்கு இறக்கினாள். பழகிய பாட்டுகள் எல்லாம் தூக்கம் கலையாதவர்கள்போல் வந்தன. துக்க வீட்டில் வாசிப்பதுபோல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தாள். விரல் மேலே இழுத்தபோதெல்லாம் அண்ணன் கரண்டியால் மணிக்கட்டில் தட்டினான். ஆறாவது முட்டையில் இருந்த அண்ணனுக்கு அதில் ஒரு ஆறுதல் கிடைத்தது. மறுநாள் மதியத்துக்குள் காது ஒருவழியாக வழிக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மேடையில் ஐந்து பாட்டு வாசித்துப் பார்த்தார்கள். கருவி நான்கு கம்பிக்கும் பச்சை காட்டியது. டிரம்ஸ்காரர் நாயைப் பற்றிப் பேசவில்லை. கீபோர்டுக்காரர், "நல்லா வருதும்மா. விழாவும் இப்படியே போனா நாளைக்குக் கையெழுத்துப் போட்டுடலாம்," என்றார்.

ஐந்தரை மணிக்கு மண்டபத்தின் பின்கதவு திறந்தது. சுமை தூக்குபவர்கள் உள்ளே வந்தார்கள். ஒன்றன்பின் ஒன்றாகப் பன்னிரண்டு பெட்டிகள். எல்லாம் ஆள் உயரம், கண்ணாடிக் கதவு. மேடையின் இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் ஆறு என்று அடுக்கி, பிளக்கைச் சொருகினார்கள்.

விழா ஓர் ஐஸ்கிரீம் கம்பெனியுடையது. பன்னிரண்டு புதிய ருசிகளை அன்று அறிமுகம் செய்கிறார்கள்.

'ம்ம்ம்ம்ம்' என்றன பன்னிரண்டு பெட்டிகளும், ஒரே குரலில்.

கடன் கொடுத்தவனுக்குப் பயந்து ஓடி ஒளிந்தால், அவனே பந்தியில் எதிர் இலையில் உட்கார்ந்ததுபோல் அவளுக்கு இருந்தது.

ஆறு மணிக்கு மண்டபம் நிறைந்தது. முதல் பாட்டைத் தொடங்கினார்கள். அவள் விரல்கள் மேலே இழுக்கத் துடித்தன. அண்ணனின் கரண்டியை நினைத்துக்கொண்டு நூறிலேயே நின்றாள். ஆனால் இரண்டாவது அடியிலேயே பாட்டு கோணிக்கொண்டது. பாடகி இரண்டு வரிசைப் பெட்டிகளுக்கும் நடுவில் நின்றாள். அவள் குரல், அவளுக்கே தெரியாமல், சட்டி விளிம்பில் ஏறும் பால்போல் மேலே ஏறிக்கொண்டிருந்தது. கீபோர்டும் கிட்டாரும் கீழே நின்றன. கூட்டத்தில் ஒருவர் காதுக்குள் விரல் விட்டார். ஒரு குழந்தை அழுதது.

மேடையில் இருந்த நான்கு பேரும் திரும்பி அவளைத்தான் பார்த்தார்கள்.

பாட்டு முடிந்தது. கைதட்டல் தூறல்போல் விழுந்து ஓய்ந்தது. "ஃப்ரிட்ஜ் வேலையைக் காட்டிட்டீங்களேம்மா," என்று பல்லிடுக்கில் சொன்னார் கீபோர்டுக்காரர். "கைய எடுத்துடுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்."

அவ்வளவுதான். ஒன்பது முதல் ஒன்பது. அவள் கிட்டாரின் வாரைத் தோளிலிருந்து பாதி கழற்றினாள். தப்பு செய்திருந்தால் பேசாமல் போயிருப்பாள். அதில் அவளுக்குப் பழக்கம் உண்டு. ஆனால் வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் சரியாக இருந்தாள், அதற்குத்தான் வெளியே போகச் சொல்கிறார்கள். எந்த ஒத்திகையும் இல்லாமல் வாய் திறந்துகொண்டது.

"சார், நான் இல்லை. அதுங்க." பெட்டிகளை முகவாயால் காட்டினாள். "நான் பச்சைலதான் இருக்கேன். அக்கா அதுங்களோட சேர்ந்து பாடறாங்க."

"நானா?" என்றாள் பாடகி.

"உங்க தப்பு இல்லை அக்கா. பன்னிரண்டு இருக்கு. எனக்கு ஒண்ணுக்கே நாலு வருஷம் புத்தி கெட்டுப்போச்சு."

கிட்டார்காரர் கருவியை எடுத்துப் பார்த்தார். நான்கும் பச்சை. பெட்டிகளைப் பார்த்தார். 'ம்ம்ம்' என்றன.

"அதை நிறுத்தச் சொல்லலாமே?" என்றார் டிரம்ஸ்காரர்.

"நிறுத்தினா பன்னிரண்டு ருசியும் தரையில ஓடும்யா," என்றார் கீபோர்டுக்காரர். "இப்ப என்ன பண்றது?"

"நாம அதுங்களோட போயிடலாம் சார். உங்க கீபோர்டுல நானூத்து நாப்பதுன்னு ஒண்ணு இருக்கும். அதை நானூத்து நாப்பத்தொன்பது ஆக்குங்க."

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். கூட்டம் சலசலத்தது. பொத்தான்களை அமுக்கினார். அவள் முறுக்காணிகளைத் திருகினாள். கருவியைப் பார்க்கவில்லை, பத்து நொடி ஆகவில்லை. கிட்டார்காரர் அவள் கம்பியைக் கேட்டுக் கேட்டுத் தன் கம்பிகளை ஏற்றினார். "எல்லாம் சிவப்பு காட்டுதே! என்னால இதைப் பாக்கவே முடியல."

"கருவியைக் கழட்டிப் பையில போடுங்க," என்றாள் அவள். சொன்னபிறகுதான் தான் ஒருவருக்குக் கட்டளையிட்டது தெரிந்தது. காது சிவந்தது.

இரண்டாவது பாட்டைத் தொடங்கினார்கள். மூன்றாவது கட்டத்தில் விரலை வைத்து அவள் முதல் கம்பியைத் தட்டினாள். பன்னிரண்டு பெட்டிகளும் 'ஆமாம்' என்றன. மேடைப் பலகை அதிர்ந்தது. உள்ளே ஐஸ்கிரீம் டப்பாக்கள் லேசாக ஆடின. பாடகியின் குரல் தலைக்கு மேல் குடை விரித்ததுபோல் நின்றது. அழுத குழந்தை வாயைப் பிளந்து பார்த்தது. இரைச்சலே காணாமல் போயிருந்தது. அது முழுக்கப் பாட்டுக்குள் போய்விட்டது. வேகமும் கொஞ்சம் கூடித்தான் போயிற்று. டிரம்ஸ்காரர் வியர்வையைத் துடைத்தபடி, "மறுபடி நாய் வந்துடுச்சு," என்றார். ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னார்.

எட்டு பாட்டு முடிந்ததும் கம்பெனி முதலாளி மேடைக்கே வந்துவிட்டார். "எந்த ஊர்ல விழா வச்சாலும் இந்தப் பெட்டிங்க சத்தத்துல பாட்டே கேக்காதுங்க. இன்னைக்குப் பெட்டிச் சத்தமே கேக்கல! என்ன மாயம் பண்ணினீங்க?"

கீபோர்டுக்காரர் கன்னத்தைத் தடவிக்கொண்டு அவளைக் காட்டினார். "எங்க பேஸ் வாசிக்கிறவங்களைக் கேளுங்க."

முதலாளி அவள் பக்கம் திரும்பினார். அவளுக்கு வார்த்தைகள் தீர்ந்துபோயிருந்தன. வாயில் வந்ததைச் சொன்னாள்: "கொப்பளிச்சுத் துப்புங்க."

அவர் கையில் ஐஸ்கிரீம் இருந்தது. குழம்பிப்போய் அதைப் பார்த்தார்.

சனிக்கிழமை காலை டாக்டர் அம்மாவுக்குப் போன் செய்து, மன்னிக்கச் சொல்லி, வரவில்லை என்றாள். எழுதிவைத்துப் படிக்கவில்லை. டாக்டர் அம்மா, "நீ இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை," என்றார். பத்து மணிக்கு ஓட்டலில் கையெழுத்துப் போட்டாள். ஒப்பந்தத்தின் கடைசியில் கீபோர்டுக்காரர் கையால் ஒரு வரி சேர்த்திருந்தார்: 'ஃப்ரிட்ஜ் உள்ள அறையில் பயிற்சி செய்யக் கூடாது.' கிட்டார்காரர் தன் பழைய கருவியை அவளுக்கே கொடுத்துவிட்டார்.

வீட்டில் அம்மா பக்கத்து வீட்டிலிருந்து பாலைத் திருப்பி வாங்கிவந்து, பிளக்கைச் சொருகினாள். ஃப்ரிட்ஜ் ஒருமுறை குலுங்கி, முனகத் தொடங்கியது.

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். புருவம் சுருங்கியது. கருவியை எடுத்து ஃப்ரிட்ஜின் கைப்பிடியில் கவ்வவிட்டாள்.

சிவப்பு.

"கொஞ்சம் தூக்கலா பாடுது," என்றாள்.

"யாரைப் பாத்து என்ன பேச்சு பேசறே?" என்றாள் அம்மா. "சம்பளம் வந்ததும் முதல்ல அதுக்கு ஒரு நல்ல ஸ்டாண்டு வாங்கிப் போடு."

சோபாவில் படுத்திருந்த அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "முட்டை மட்டும் வாங்காதே," என்றான்.